உடையாமல் உருண்ட தேங்காய்

போன வியாழக்கிழமை ஓர் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். வீட்டில் சட்னி அரைக்கத் தேங்காய் இல்லையாம். அதற்குக் காரணம் நானாம்.

நான் தேங்காய் வியாபாரி இல்லை. பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு அது தெரியும். நான் கோபக்காரி என்பதும் தெரியும். "ஏம்மா எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழறீங்க... ஒரு வாரமாவது சந்தோஷமா எழுதக் கூடாதா?" என்று கெலுகோரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சரி ஐயா. இந்த வாரம் சந்தோஷமான விஷயம்தான். ஆனால் கோபத்தில்தான் ஆரம்பிக்கும். எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது.

சண்டைக்கு வந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பள்ளி ஆபீஸ் வாசலிலேயே நிற்க வைப்போம். கதை அதற்குச் சில வாரங்கள் முன்னால் தொடங்குகிறது.

நான்காம் படிவம். புது வகுப்பு. அறிவியல் பிரிவுக்கு வந்த பிள்ளைகள் "இது நமக்கு ஒத்து வராது" என்று நினைத்தால் முதல் சில வாரங்களுக்குள் வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் இந்த வருஷம் தைப்பூச விடுமுறை முடிந்த வாரம்தான் கடைசி. அதற்குப் பிறகு கதவு சாத்தியாச்சு.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் தர்ஷினி லேப் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் அக்கவுண்ட்ஸ் மாறப் போறேன். தைப்பூசம் முடிஞ்சதும் அம்மா வந்து சைன் பண்ணுவாங்க."

"ஏன்?"

"பிசிக்ஸ்ல இன்ட்ரஸ்ட் இல்ல, டீச்சர்."

தர்ஷினி நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை. வீட்டுப்பாடம் கேட்டால் நோட்டை நீட்டுகிற பிள்ளை, காரணத்தை நீட்டுகிற பிள்ளை அல்ல. எனக்கு எரிச்சல் வந்தது. அக்கவுண்ட்ஸ் மட்டமான பாடம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆசைப்பட்டுப் போகிற பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு போய் அந்த வகுப்பில் உட்கார வைப்பேன். இவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. அலுத்துப்போய்ப் போகிறாள். இரண்டுக்கும் வித்தியாசம் முகத்தில் தெரியும்.

நேற்று லேப்பில் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"எழுதினேன்."

"எழுதறதுக்கு முன்னாடி?"

கொஞ்சம் யோசித்தாள். "மார்ஜின் போட்டேன், டீச்சர்."

அது உண்மை. எங்கள் லேப்பில் மட்டும் இல்லை, நீங்கள் படித்த லேப்பிலும் அதுதான் நடந்திருக்கும். ஒரு மேசைக்கு நாலைந்து பேர். மணி அடித்ததும் ஒரு பையன் டிராலியை எடுப்பான். இன்னொருவன் ஸ்டாப்வாட்ச்சை எடுப்பான். பேனா தானாக ஒரு பெண் பிள்ளையின் பக்கம் நகர்ந்துவிடும். ஏன்? அவள் கையெழுத்து அழகாக இருக்கும். யாரும் கூடி உட்கார்ந்து சதி செய்யவில்லை. யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை. ஆனால் வருஷக் கணக்காக அப்படியே நடக்கிறது.

பரிசோதனை என்று நாங்கள் செய்வதும் லட்சணமாகத்தான் இருக்கும். நோக்கம், பொருட்கள், செய்முறை, முடிவு... எல்லாம் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவோம். கெட்டிக்காரப் பிள்ளைகள் முடிவை முதலில் எழுதிவிட்டுத்தான் பரிசோதனையே தொடங்குவார்கள். அளந்த எண் முடிவோடு ஒத்துப் போகாவிட்டால்? எண்ணை அழித்து மாற்றுவார்கள்! இதில் யாருக்கு என்ன ஆசை வரும்? எனக்கே வராது.

அன்றைக்கு ஆசிரியர் அறையில் இதைப் புலம்பித் தொலைத்தேன். எதிர் மேசையில் கணக்கு சார் கரிபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். என்ன, வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்ல மனிதர்.

"பொண்ணுங்களுக்கு இயற்கையிலேயே இதெல்லாம் பிடிக்காது மேடம். விட்டுருங்க லா."

விடுவேனா? பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கிற பிறைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே ஃபேக்டரியில் மிஷின் முன்னால் நிற்பது யார் என்று கேட்டேன். நம் வீட்டுப் பெண்கள்தானே? விடியற்காலை ஃபேக்டரி பஸ் பிடித்துப் போய், மிஷின் கொஞ்சம் முனகினாலே எங்கே கோளாறு என்று சொல்கிறவர்கள்தானே?

"அது வேலை மேடம்," என்றார் அவர். "நீங்க சொல்றது இன்ட்ரஸ்ட்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் கோபம் இரண்டு மடங்கானது.

பிள்ளைகளே கேள்வி கேட்டு, பிள்ளைகளே வழி கண்டுபிடிக்கும் லேப் முறை ஒன்று இருக்கிறது. புதிதொன்றும் இல்லை. பயிற்சிகளில் சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவோம், மீகோரெங் சாப்பிடுவோம், வீட்டுக்கு வந்துவிடுவோம். அதைச் செய்துதான் பார்ப்போமே என்று கிளம்பினேன். செய்முறைத் தாளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இன்னிக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். கேள்வியும் உங்களது, வழியும் உங்களது" என்றேன்.

பிள்ளைகள் மேசை மேல் தாளைத் தேடினார்கள்.

பிறகு கவின் கை தூக்கினான். வகுப்பிலேயே உயரமானவன். எந்தச் சாமானும் முதலில் அவன் கைக்குத்தான் போகும். "டீச்சர், ஆன்சர மட்டும் சொல்லிருங்க. வழிய நாங்க கண்டுபிடிச்சுக்கறோம்."

சொல்ல முடியாது என்றேன். அவ்வளவுதான். கவினும் கூட்டாளிகளும் டிராலிகளை எடுத்து ஒன்றோடு ஒன்று மோத விட்டார்கள். எதற்கு மோதுகிறது, எதை அளக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. சத்தம் நன்றாக இருந்ததாம். பெண் பிள்ளைகள்? தலைப்புக்கு எந்தக் கலர் பேனா என்று கேட்டார்கள். தர்ஷினி மார்ஜின் போட்டாள்.

படுதோல்வி. மறைக்க என்ன இருக்கிறது? புதுமுறை என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் மாறிவிடுமா? தாளைப் பிடுங்கினேன், சரி. கை பழைய கைதான். சட்டம் எதுவும் இல்லாத இடத்தில் யாருக்குக் கை நீளமோ அவர்தான் ராஜா.

அன்று வீட்டுக்குப் போகும்போது காடி ஓட்டிக்கொண்டே என்னை நானே திட்டினேன். சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார்சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

அடுத்த வாரம் இரண்டே சட்டம் போட்டேன். ஒன்று, கேள்வி புத்தகத்திலிருந்து வரக்கூடாது. உன் கண்ணால் நீ பார்த்து, உனக்குப் புரியாமல் போன ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு, கேள்வி யாருடையதோ, சாமான் அவர் கையில். மற்றவர்கள் எழுதலாம், ஓடலாம், பிடிக்கலாம். அவர் கேட்காமல் தொடக்கூடாது.

கேள்விகள் வந்தன. போன் ஏன் சூடாகிறது? பாலத்தின் நடுவில் மட்டும் ஏன் மோட்டார்சைக்கிள் ஆடுகிறது? எல்லாம் நல்ல கேள்விகள். தர்ஷினி கடைசியாகத்தான் வாயைத் திறந்தாள். அதுவும் வேண்டா வெறுப்பாக. எப்படியும் போகப் போகிற பிள்ளைதானே...

"தைப்பூசத்துக்கு எங்க பெரியப்பா ரோட்டுல தேங்கா உடைப்பாரு. மொதல்ல போடறதெல்லாம் செதறும். போகப் போக உடையாம உருண்டு ஓடும். எல்லாரும் கை ஓஞ்சு போச்சுன்னு சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல."

"ஏன் தோணல?"

"போன வருஷம் எங்க அண்ணன் லேட்டாத்தான் வந்தான். வந்ததும் போட்ட மொத தேங்காயே உருண்டுச்சு. அவன் கை எப்படி டீச்சர் ஓயும்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பினாங்குக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரதம் வருகிற வழியெல்லாம் தேங்காய் மலை. உடைத்து உடைத்து ரோடே வெள்ளையாகிவிடும். செருப்பு வழுக்கும், தேங்காய்த் தண்ணீர் வாசனை தலைக்கேறும். தர்ஷினி வீட்டில் பெரியப்பாவும் பையன்களும் வீசுவார்கள். பெண் பிள்ளைகள் குவியலிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுப்பார்கள். சின்ன வயசிலிருந்தே இவளுக்கு அதுதான் வேலை. கொடுத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"எல்லாம் பவர்தான்," என்றான் கவின். அவனுக்கு வேறு வருத்தம். சட்டப்படி பேனா அவன் கைக்குப் போயிருந்தது. அவன் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

தர்ஷினி தன் ஊகத்தைச் சொன்னாள். முதலில் தேங்காய் தார் ரோட்டில் விழுகிறது. போகப் போக உடைந்த சில்லும் நாரும் குவிந்துவிடுகிறது. பிறகு விழுவதெல்லாம் மெத்தை மேல் விழுகிற மாதிரி. அப்புறம் எப்படி உடையும்?

எனக்குள் ஒரே பெருமை. இது எங்கள் பாடத்திலேயே வருகிற விஷயம். மோதுகிற நேரம் கூடினால் மோதுகிற விசை குறையும். பரிசோதனை நடக்கும் முன்பே எனக்குப் பதில் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள் மாதிரி நானும் முடிவை முதலிலேயே எழுதிவிட்டேன், மனசுக்குள்.

கை பலம் கலக்கக் கூடாது என்பதால் வீசுவது இல்லை. முதல் மாடி வராந்தாவிலிருந்து, ஒரே உயரத்திலிருந்து, சும்மா கையை விட வேண்டும். கீழே சிமெண்டுத் தரை. யாரும் வராமல் சுற்றிக் கயிறு கட்டினோம். தேங்காய், தர்ஷினியின் பெரியப்பா கொடுத்த மூட்டை. லேப் உதவியாளர் அங்கிள் டான் மட்டும் எறும்பு வரும், எறும்பு வரும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

தர்ஷினி கைப்பிடிச் சுவருக்கு வெளியே தேங்காயை நீட்டினாள். மூன்று வருஷமாக லேப்பில் அவள் கையில் பேனா தவிர எதுவும் இருந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விட்டாள்.

டொம்.

வெறும் சிமெண்டு. நாரும் இல்லை, சில்லும் இல்லை. சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை! ஒரு குதி குதித்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, நடைபாதையில் உருண்டு போய், அந்த வழியாக வந்த எங்கள் பள்ளி முதல்வரின் செருப்பில் முட்டி நின்றது.

முதல்வர் குனிந்து அதைக் கையில் எடுத்தார். மேலே பார்த்தார். இது பாடமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதல்வர் அம்மாள் தள்ளிப் போய் நிழலில் நின்றுகொண்டார். போகவில்லை. பார்க்கத்தான் நின்றார்!

பையன்கள் சிரித்தார்கள். தர்ஷினி முகம் சுருங்கிவிட்டது. இதோ, மறுபடியும் இன்ட்ரஸ்ட் இல்லை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது கவின் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான். "எந்தப் பக்கம் கீழ இருந்துச்சு?"

"என்ன பக்கம்?" என்றாள் தர்ஷினி.

"கண்ணு இருக்கற பக்கமா, அடிப்பக்கமா, நடுவா? எல்லாத்தையும் எழுதணும்னு டீச்சர் சொன்னாங்கல்ல. நான் என்னான்னு எழுதறது?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். யாருமே பார்க்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். டிராலியும் ஸ்டாப்வாட்ச்சும் கையில் இருந்த வரைக்கும் கவின் ஒரு கேள்வி கேட்டதில்லை. பேனாவைக் கொடுத்த அன்றைக்குத்தான் கேட்டான், அந்த நாளின் மிக நல்ல கேள்வியை! சாமானை முதலில் பிடுங்குகிற பையனுக்குத்தான் ஆசை இருக்கிறது என்று நாம் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆசையாவது, ஒன்றாவது! அவன் கையில் இருந்தது விளையாட்டுச் சாமான். அவள் கையில் இருந்தது குமாஸ்தா வேலை. பிசிக்ஸ் இரண்டு பேர் கையிலும் இல்லை.

நஸ்ரின் என்று ஒரு பிள்ளை. அவள் அத்தாவுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. அதுவரை கீழே கயிற்றின் பக்கத்தில் சும்மா நின்றவள் எங்களை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். "வீட்டுல உம்மா உடைக்கறப்ப நடுவுலதானே டீச்சர் தட்டுவாங்க?"

நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்தோம்.

ஆமாம்! எந்த வீட்டுச் சமையலறையிலும் அதுதான். இடது கையில் தேங்காயைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, நடு வயிற்றில் கத்தியின் முதுகால் ஒரு தட்டு. இரண்டாகப் பிளக்கும். அதற்குப் பலமே வேண்டாம். நான் வாரம் தவறாமல் செய்கிறேன். என் வகுப்புப் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தேங்காயையும் ரோட்டுத் தேங்காயையும் எங்களில் ஒருத்தரும் சேர்த்து நினைக்கவில்லை. ரோட்டில் உடைப்பவர்கள் சமையலறைப் பக்கம் வருவதில்லை. சமையலறையில் உடைப்பவர்களை ரோட்டில் யாரும் கேட்பதில்லை. லேப்பில் மட்டும் எங்கிருந்து தெரியும்?

அதன் பிறகு வராந்தாவே மாறிவிட்டது. கண் கீழே இருக்கும்படி விட்டாள் தர்ஷினி. குதித்து ஓடியது. நடுப்பக்கம் கீழே இருக்கும்படி விட்டாள். பட்டென்று பிளந்து, தண்ணீர் அங்கிள் டானின் கால்சட்டை வரைக்கும் தெறித்தது. மேலே ஒரே கூச்சல். சில்லுகளைக் குவித்து அதன்மேல் நடுப்பக்கமாக விட்டாள். உடையவில்லை. ஆக, அவள் ஊகமும் சரி. ஆனால் பாதிதான் சரி. என் பெருமையும் பாதியோடு போயிற்று.

"இன்னொரு வாட்டி! எந்தப் பக்கம்னு சொல்லிட்டு விடு," என்று கவின் அதட்டினான்.

"நீ எழுதறத ஒழுங்கா எழுது," என்று அவளும் அதட்டினாள்.

எல்லாமே ஒழுங்காக நடக்கவில்லை. கண் கீழே இருந்தும் ஒரு தேங்காய் உடைந்து தொலைந்தது. தர்ஷினி என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

"டீச்சருக்கே தெரியாதா?" கவினுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உடனே அதையும் எழுதினான். நண்டு எழுத்தில் இன்றைக்கும் இருக்கிறது, முடிவு என்ற தலைப்புக்குக் கீழே: 'டீச்சருக்கும் தெரியவில்லை.' அந்த லேப்பில் நான் பார்த்ததிலேயே நேர்மையான முடிவு அதுதான்.

உடைந்ததையெல்லாம் கேன்டீன் அக்கா வாங்கிக்கொண்டார். மறுநாள் எறும்பும் வந்தது. அங்கிள் டான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மணி அடித்ததும் தர்ஷினியைக் கூப்பிட்டேன். இப்போதும் மாறத்தான் வேண்டுமா என்று கேட்டேன். கதைகளில் வருகிற பிள்ளை என்றால் கண் கலங்கி, இல்லை என்று சொல்லியிருக்கும்.

"ஆமா டீச்சர்," என்றாள். "இன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வாரம் மறுபடியும் எழுதத்தானே போறேன்?"

இல்லை என்றேன், சட்டம் இனி எப்போதும் இருக்கும் என்றேன். பெரியவர்கள் சொல்கிற 'இல்லை'யை நிறையக் கேட்டவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் என்ன செய்ய முடியும்? ஒரு நாள் தேங்காய் உடைத்தால் மூன்று வருஷ அலுப்பு போய்விடுமா?

தைப்பூசம் வந்தது, போனது. வியாழக்கிழமையும் வந்தது.

ஆபீஸ் வாசலில் நிற்க வைத்தோமே, அந்த அம்மா... இப்போது அவரிடம் போவோம். தர்ஷினியின் அம்மாதான். பிறையில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அரை நாள் லீவு போட்டு, யூனிஃபார்மோடு, பாலத்தைத் தாண்டி, கையெழுத்துப் போட வந்திருக்கிறார். கையெழுத்துப் போடும்போது மகளும் கூட இருக்க வேண்டும். மகள் வரவில்லை.

"மூணு வாரமா பிசிக்ஸ் வேணாம்னு என் உயிர வாங்கினா டீச்சர். சரின்னு வந்தா, இப்ப ஆபீஸ் பக்கமே வர மாட்டேங்கறா. வீட்டுல ஒரு தேங்கா வெக்க விடல. சட்னிக்கு வெச்சிருந்தத மாடிப்படியில இருந்து போடறா. கீழ் வீட்டு ஆளு வந்து சத்தம் போடறாரு. நீங்க என்னதான் பண்ணீங்க?"

நான் என்ன பண்ணினேன் என்று எனக்கே தெரியாது. தைப்பூசத்தன்று ரோட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். கோபமாக ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரதம் வரும் முன் பெரியப்பா வழக்கம் போல வீச ஆரம்பித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தேங்காய் உருள ஆரம்பித்திருக்கிறது. உடனே தர்ஷினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, இங்கே போடாதீர்கள், அந்தப் பக்கம் தார் தெரிகிற இடத்தில் போடுங்கள் என்று நச்சரித்திருக்கிறாள். தொல்லை தாங்காமல் அவர் தள்ளி நின்று போட்டார். சிதறியது. மறுபடியும் குவிந்ததும் மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் சிதறியது. பெரியப்பா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இந்தா, நீயே போடும்மா" என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டில் பெண் பிள்ளை தேங்காய் உடைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பக்கத்துக் குவியலில் பெண்கள் உடைத்துக்கொண்டுதான் இருந்தார்களாம். யாரும் தடுக்கவில்லை. யாரும் கொடுக்கவும் இல்லை. அவ்வளவுதான்.

வாங்கினாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, வெறும் தாரைப் பார்த்து, ஓங்கி வீசினாள்.

உருண்டது.

அண்ணன்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். "பிசிக்ஸ் மேடம், தேங்கா டாட்டா காட்டுது பாரு" என்றானாம். பெரியம்மா சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்தாராம். அம்மாதான் பயந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே, இனி பிசிக்ஸ் என்ன, தேங்காய்ச் சோறுகூடச் சாப்பிட மாட்டாள் என்று நினைத்தாராம்.

"அழுவான்னு பார்த்தேன் டீச்சர். ஓடிப் போய் அதையே எடுத்துட்டு வந்தா. திருப்பித் திருப்பிப் பார்த்தா. மறுபடியும் போட்டா. பொளந்துச்சு. சரி, விட்டுச்சுடா சாமின்னு நெனச்சேன். அன்னைலேருந்துதான் வீட்டுல இந்தக் கூத்து. எனக்கு லீவும் போச்சு, தேங்காயும் போச்சு. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

வாங்க, அவளிடமே கேட்போம் என்று லேப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தர்ஷினியும் கவினும் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் ஒரு தேங்காய். அதன் நடுவில் சிவப்புப் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு. அழகான கோடு. மார்ஜின் போட்ட கை அல்லவா! என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். அம்மா நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், மாடியில இருந்து சும்மா விட்டா சுத்தல. தூக்கிப் போட்டா காத்துலயே சுத்துது. எந்தப் பக்கம் விழும்னு சொல்லவே முடியல. ரோட்டுல மொத தடவ உருண்டுச்சு, ரெண்டாவது தடவ உடைஞ்சுது. ரெண்டுமே நான்தான் போட்டேன், ஒரே மாதிரிதான் போட்டேன். ஏன்னே தெரியல. கடுப்பா இருக்கு டீச்சர்."

"அக்கவுண்ட்ஸ்?" என்று கேட்டேன்.

நான் ஏதோ சம்பந்தமில்லாமல் பேசுகிற மாதிரி பார்த்தாள். "அத விடுங்க டீச்சர். இப்ப கவின பேனா எடுக்கச் சொல்லுங்க."

அவள் அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "மத்தியானம் ஃபேக்டரிக்குப் போகணும், நான் வரேன்" என்று கிளம்பிவிட்டார். வாசல் வரை போய்த் திரும்பி, மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: வரும்போது தேங்காய் வாங்கிக்கொண்டு வர வேண்டுமாம்.

கணக்கு சாருக்கு அன்று மாலையே பதில் சொல்லிவிட்டேன். இயற்கையில் எல்லாம் ஒன்றும் இல்லை சார். தேங்காய் கைக்கு வந்ததா, குவியலிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வந்ததா... அதுதான் விஷயம். பேனா வந்த பிறகுதான் எங்கள் கவினுக்கே கண் திறந்தது. சார் யோசித்துவிட்டு, தூக்கிப் போட்டால் மட்டும் ஏன் சுற்றுகிறது என்று கேட்டார். லேப்புக்கு வாருங்கள், எழுத ஆள் தேவைப்படுகிறது என்றேன்.

கெலுகோர் வாசகரே, இன்ட்ரஸ்ட் என்றால் சிரித்த முகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை ஐயா, அதன் முதல் அடையாளமே கடுப்புதான். இப்போது தெரிகிறதா, எனக்கு இந்த உலகத்தின் மேல் எவ்வளவு இன்ட்ரஸ்ட் என்று?